எழுந்து நிற்க ஓர் அப்பா

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் காலாப்பட்டுக்கு வண்டி எங்கே நிற்கும் என்று கேட்க வந்தவர்.

தணிகாசலம் வாத்தியார் அவரை விடவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தலைமையாசிரியர் எட்டிப் பார்க்கும்போது பெஞ்சில் ஒரு தலையாவது தெரியவேண்டும் என்பது அவர் கவலை. வந்தவர் காப்பியைக் குடித்தார், பள்ளிக்கூடம் நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று ஒரு நற்சான்றும் கொடுத்தார், வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார். மிச்சமிருந்த காப்பி அண்டாவோடு ஆறியது.

தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் அவர் நாக்கிலிருந்து மட்டும் அது இன்னும் இறங்கவில்லை, எந்த சாரும் அவருக்கு 'முசே'தான்.

"நான்தான் சொன்னேனே முசே. இந்த ஜனங்க வராது. மில்லு சங்கு ஊதினா போவாங்க, வருவாங்க. நாம ஊதினா யாரு வருவா?"

முதலியார்பேட்டைப் பக்கத்துச் சர்க்கார் பள்ளிக்கூடம் அது. படிக்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் பஞ்சாலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜானகிராமன், பள்ளிக்கூடமும் வீடும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள வேண்டும், மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோரை வரவழைத்துப் பேசவேண்டும், யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கிய ஒரே ஆசிரியர் தணிகாசலம். அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். அன்றைக்கும் பெஞ்சு காலியாக இருந்தால் இந்தக் கூட்ட விவகாரத்தையே தலைமுழுகிவிட்டு, சனிக்கிழமைகளில் பழையபடி மனக்கணக்கு நடத்தலாம் என்று கிருஷ்ணசாமி முடிவு செய்துவிட்டார்.

தணிகாசலத்துக்கு அது வெறும் கூட்டம் இல்லை. அவருடைய அப்பா உழவர்கரையில் பயிர் செய்தவர். மகன் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. பரிசு கொடுத்த நாளில் மற்றப் பையன்கள் ஓடிப்போய் அவரவர் அப்பாவிடம் பரிசைக் காட்டினார்கள். தணிகாசலம் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தண்ணீர்ப் பானை பக்கம் போய் நின்றார். தாகமே இல்லாமல் இரண்டு குவளை குடித்தார். தன் வகுப்பில் ஒரு பிள்ளையும் அப்படிப் போய் நிற்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஆசை. அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் அவர் அதற்காகச் செய்த காரியங்களில்தான்.

முதல் காரியம், திங்கட்கிழமை வகுப்பில் எல்லாப் பையன்களையும் பார்த்து, "அடுத்த கூட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொன்னது.

மறுநாள் பாதி வகுப்பைக் காணோம். 'அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா' என்ற வாக்கியத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரே அர்த்தம்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் போய்ச் சொன்ன பையன்களுக்கு அடி விழுந்தது. சொல்லாத பையன்கள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார்கள். ராஜாங்கம் என்ற பையனை அவன் அப்பா 'என்னடா செஞ்சே?' என்று கேட்டு அடித்திருக்கிறார். ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்ததும், அதை முதலிலேயே சொல்லித் தொலைக்காததற்காக இன்னும் இரண்டு அடித்திருக்கிறார். அவன் முழங்கையில் இருந்த தழும்பைப் பார்த்தபோது தணிகாசலத்துக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பைச் சரிசெய்ய வீடு வீடாகத் தானே போவது என்று தீர்மானித்தார். நல்ல காரியத்துக்குப் போகிறோம், மரியாதையாகப் போகவேண்டும் என்று கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கையில் தோல்பை, கக்கத்தில் குடை. தெருவுக்குள் அவர் நுழைந்ததும் முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது வீடும் சாத்தியது. பிறகு கதவுகள் அவர் வருவதற்கு முன்பே சாத்திக்கொண்டன.

முன்பக்கம் ஆகாது என்று பின்பக்கச் சந்துக்குள் போனார். அங்கே ஒரு வீட்டின் பின்வாசல் வழியாக ராஜாங்கத்தின் அம்மா கமலவேணி, தன்னைவிடப் பெரிய செப்பு அண்டா ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு கை புடிங்க. தெருவுல ஜப்திக்காரன் வந்துட்டானாம். பக்கத்து ஊட்ல போட்டுடலாம்."

தணிகாசலம் குடையைக் கீழே போட்டுவிட்டு ஒரு பக்கக் காதைப் பிடித்தார். இருவருமாக அண்டாவைப் பக்கத்து வீட்டு முற்றம்வரை தூக்கிவந்தார்கள். ஏழை ஜனங்களிடம் போய் ஜப்தி செய்கிறானே என்று அவருக்கு உண்மையிலேயே கோபம். அந்தப் பாவி எப்படி இருப்பான், பார்த்தால் நானே நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார்.

"கறுப்புக் கோட்டாம். கையில பையாம். கொட..." என்று சொல்லிக்கொண்டே வந்த கமலவேணி அப்போதுதான் அவரைச் சரியாக நிமிர்ந்து பார்த்தாள். அண்டாவை அப்படியே விட்டுவிட்டாள். அது அவர் கால்மேல் விழுந்தது.

மறுவாரம் அவர் நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அதற்குள் ஊரில் வேறு பேச்சு. படிக்காத பையன் வீட்டுப் பாத்திரத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டு போகிறதாம், வாத்தியாரே நேரில் வந்து அண்டாவைத் தூக்கிப் பார்த்து எடை போட்டுவிட்டுப் போனாராம்.

இனி அப்பாக்களிடம் போவதில் பிரயோசனம் இல்லை, பையன்களுக்கு ஆசை வந்தால் அவர்களே இழுத்துவருவார்கள் என்று தணிகாசலம் யோசித்தார். அந்த யோசனைதான் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. பின்னாளில் ஒன்றை மட்டும் வாழ்க்கையில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்திருந்தால் அவர் அதைத்தான் எடுத்திருப்பார்.

வகுப்பில் சொன்னார்: கூட்டத்தில் யாரையும் குறை சொல்லமாட்டோம். ஒவ்வொரு பையனின் பெயரையும் கூப்பிடுவேன். அவனுடைய அப்பா எழுந்து நிற்பார். பையன் போய் அப்பா பக்கத்தில் நிற்கலாம். எல்லோரும் கை தட்டுவோம். அவ்வளவுதான்.

கடைசி வரிசையில் இருந்த அம்மாவாசை எழுந்தான்.

"அப்பா வரலன்னா சார்?"

"அவன் அவன் எடத்துலயே நிக்கவேண்டியதுதான்" என்றார் தணிகாசலம், சாக்பீஸைத் தட்டிக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் வந்த சனிக்கிழமை பெஞ்சு போதவில்லை. தணிகாசலம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் ஓர் அப்பா எழுந்தார். தலைப்பாகை கட்டிய அப்பா, தலைப்பாகை இல்லாத அப்பா, பழைய கோட்டுப் போட்ட அப்பா, அதே மாதிரி ஒரு கோட்டைத் தோளில் போட்டிருந்த அப்பா. பையன்கள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்கள். தணிகாசலத்தின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் பெஞ்சுப் பக்கம் எல்லாம் அவருக்குக் கொஞ்சம் மங்கலாகவே தெரிந்தது. இன்ஸ்பெக்டரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இந்த முறையை நகரத்தில் உள்ள எல்லா சர்க்கார் பள்ளிக்கூடங்களும், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் உட்பட, அப்படியே பின்பற்ற வேண்டும் என்று அடுத்த வாரமே உத்தரவு போட்டார்.

தணிகாசலத்தின் ஒரே மகள் சந்திரகலா, மேரிக்குப் பின்தெருவில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு படித்தாள். மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர், ஊரில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. உத்தரவு வந்த வாரம் அவள் அப்பாவிடம் வந்தாள். அவர் அடுத்த கூட்டத்துக்கு யார் பெயரை முதலில் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்க ஸ்கூல்லயும் பேரு கூப்புடுவாங்களாம்."

"நல்லதும்மா. அது அப்பா கண்டுபிடிச்சது."

"சனிக்கிழமை காலையில. வர்றீங்களா?"

மத்தியானம் தன் பள்ளிக்கூடத்தில் கூட்டம், காலையிலிருந்தே பெஞ்சு போடவேண்டும், காப்பிக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று அவர் விளக்கினார். அம்மாவை அழைத்துப் போகச் சொன்னார். அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

"அப்பாதான் எந்திரிக்கணுமாம். நீங்கதான் அப்படி வச்சிருக்கீங்களாம்."

அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் கட்டாயம் வருவதாகச் சொன்னார். அடுத்த மாதமும் சனிக்கிழமைக்கு ஒரு காலையும் ஒரு மத்தியானமும்தான் இருந்தது. அதற்கு அடுத்த மாதம் அவள் கேட்கவே இல்லை. பிள்ளை விவரம் தெரிந்தவளாகிவிட்டாள் என்று மனைவி சுலோசனாவிடம் சொன்னார். சுலோசனா, சனிக்கிழமையானால் பொண்ணுக்குப் பசி அதிகம், பள்ளிக்கூடத்துக்குப் பொட்டலம் நிறைய முறுக்கு கேட்கிறாள் என்றாள். வளர்கிற வயசு, கொடு என்றார் தணிகாசலம்.

அந்த மாதத்துக் கூட்டம் முடிந்ததும் கிருஷ்ணசாமி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெகுநாளாகச் சேர்த்துவைத்திருந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"முசே, அந்தப் பழைய கோட்டுக்காரன் ராஜாங்கத்துக்கு எந்திரிச்சான் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அம்மாவாசைக்கும் அவன்தான் எந்திரிச்சான். தலப்பாவ மட்டும் கழட்டிட்டான். இன்னும் ரெண்டு பசங்களுக்கும் அவன்தான். இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கே நான் பாத்துட்டேன், சபையில சொல்லவேணாம்னு உட்டுட்டேன்."

தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார். அத்தனை கைதட்டலும் ஒரு பழைய கோட்டுக்குத்தானா என்று நினைத்தபோது அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அன்றைக்கே ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பெயர் கண்ணையன். மேரி வாசல் வேப்பமரத்தடியில் இருபது வருஷமாக நிற்கிறவர். அங்கே பிறப்பையோ கல்யாணத்தையோ பதியப் போனால் சாட்சி வேண்டும். தெரிந்த சாட்சி கிடைக்காதவர்கள் மரத்தடிக்கு வருவார்கள். கண்ணையன் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்று கையெழுத்துப் போடுவார், வெளியே வந்து ஒரு காப்பி குடிப்பார். அதுதான் அவருக்குத் தொழில்.

"இன்னாய்யா மனுஷன் நீ? பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறியே" என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

கண்ணையன் கோபப்படவில்லை. மரத்தடிக் கல்லைத் துண்டால் தட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"நான் அப்பன்னு ஒரு வார்த்தை சொல்லல சார். பேரு கூப்ட்டீங்க, எந்திரிச்சேன். அந்த ராஜாங்கம் பொறந்தப்ப அவங்கப்பன் மில்லுல ஷிப்டுல இருந்தான். உள்ள போயி சாட்சி கையெழுத்து போட்டது நான். அவன் பொறந்ததுக்கே நான் சாட்சி. இன்னிக்கும் அவன் ஷிப்டுலதான் இருக்கான். நான் எந்திரிக்கக் கூடாதா?"

கண்ணையன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். பிள்ளைகள் கையில் இருப்பதைக் கொடுக்கும், ஒன்று கொய்யாக்காய், ஒன்று பட்டாணி, இது முறுக்கு என்றார். கோபத்தில் இருக்கிறவர் வாங்கக்கூடாதுதான். ஆனால் தணிகாசலம் காலையிலிருந்து பெஞ்சு தூக்கியவர், பசி. ஒன்றை வாங்கிக் கடித்தார். ஓமம் போட்டிருந்தது. நன்றாகவே இருந்தது.

"ஒண்ணும் பேச வேணாம் சார் அந்தப் பிள்ளைங்களுக்கு" என்றார் கண்ணையன். "பேரு கூப்புடும்போது யாராவது ஒருத்தர் எந்திரிக்கணும். இல்லன்னா அதுங்க தனியா நிக்கணுமாமே. அதுக்குத்தான் பயப்படுதுங்க."

தண்ணீர்ப் பானையும் குவளையும் தணிகாசலத்தின் ஞாபகத்துக்கு வந்தன. அவன் அவன் இடத்தில் நிற்கவேண்டியதுதான் என்று தான் சொன்னதும் வந்தது. பேச்சைச் சன்னமாக்கிக்கொண்டு, இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு எழுந்திருக்கிறாய், எல்லாப் பெயரையும் சொல், அவர்கள் அப்பாக்களை நானே போய்ப் பார்க்கிறேன் என்றார்.

கண்ணையன் முறுக்குப் பொட்டலத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"உங்க பள்ளிக்கூடத்துல அந்த நாலு பசங்கதான். மிச்சத்த கேக்காதீங்க சார். கேட்டா உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும்."

என் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று இவருக்கு இருக்கிற அக்கறையைப் பார் என்று நினைத்து தணிகாசலம் நெகிழ்ந்துபோனார். மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வாரமே கோட்டும் குடையும் இல்லாமல், வெறும் சட்டையோடு மில் வாசலுக்குப் போய் நின்றார். சங்கு ஊதியது. வெளியே வந்த ராஜாங்கத்தின் அப்பா, வாத்தியார் என்று தெரிந்ததும் முதலில் பின்வாங்கினார். பிறகு தலையைத் தடவிக் காட்டினார். முடியெல்லாம் பஞ்சு.

"இந்தக் கோலத்துல எப்படி சார் வர்றது? பிள்ளைக்குத் தலைகுனிவு இல்லையா."

"அவனுக்கு ஒண்ணும் தலைகுனிவு இல்ல. நீங்க அப்படியே வாங்க" என்றார் தணிகாசலம். தழும்பு பற்றிக் கேட்க நினைத்திருந்தார், அந்தப் பஞ்சுத் தலையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டத்தைச் சங்கு ஊதிய பிறகு வைத்துக்கொண்டார்கள். கண்ணையனை ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், இனி அப்பாவாக வரவேண்டாம், அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு வா என்று அவருக்கு வேலை கொடுத்தார். கண்ணையன் மில் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்து அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான். உங்கள் முறையை மற்றப் பள்ளிக்கூடத்தாரும் நேரில் பார்க்கட்டும் என்று நகரத்துத் தலைமையாசிரியர்கள் சிலரையும் கூட்டி வந்திருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை தையல்நாயகி அம்மாள் வண்டியை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் கண்ணையன் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வயிறு சரியில்லை சார், நான் கிளம்புகிறேன் என்றார். தணிகாசலம் விடவில்லை. இந்தக் கூட்டம் உன்னால் நடக்கிற கூட்டம், நீ முன்வரிசையில் உட்காரவேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துவந்து கோட்டை மாட்டிவிட்டு உட்காரவைத்தார்.

பெயர் கூப்பிட்டார். ராஜாங்கத்தின் அப்பா எழுந்து நின்றார், தலையெல்லாம் பஞ்சு. ராஜாங்கம் ஓடவில்லை. நடந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவாசையின் அப்பா எழுந்து, எழுந்ததை மறந்து கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். கிருஷ்ணசாமிகூட மெல்லக் கை தட்டினார்.

நிஜ அப்பாக்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க தணிகாசலத்துக்குச் சந்திரகலாவின் ஞாபகம் வந்தது. இத்தனை மாதமாக ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்க முடியவில்லையா என்று தன்னையே நொந்துகொண்டார். அந்தப் பிள்ளை அந்த வகுப்பில் எப்படி நின்றதோ. அடுத்த மாதம் பெஞ்சை யாராவது போட்டுக்கொள்ளட்டும், முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடவேண்டும் என்று முடிவு செய்தார். தலைமையாசிரியை இங்கேதான் இருக்கிறார், இப்போதே சொல்லிவிடலாம் என்று கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனார். 'அம்மா, என் பொண்ணு உங்க பள்ளிக்கூடத்துலதான்' என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

தையல்நாயகி அம்மாள் அவரைத் தாண்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து நழுவிக்கொண்டிருந்த கண்ணையனைக் கைகாட்டி நிறுத்தினார்.

"உங்க அப்பாக்களை எல்லாம் பாத்தேன் சார், நல்லவங்கதான். ஆனா எங்க பள்ளிக்கூடத்துல இவரு ஒருத்தருக்கு ஈடாகாது. அஞ்சாம் வகுப்பு சந்திரகலாவோட அப்பா. எங்கேயோ வாத்தியார் வேலையாம், அப்படியும் ஒரு கூட்டம் தவறினதில்ல. வேடிக்கையைப் பாருங்க, இவரு பேரும் தணிகாசலம்தான்."